ஹெப்சிபா இன்னும் தபால் போடுகிறாள்

செத்துப்போய் ஐந்து வருஷமும் நான்கு மாதமும் ஆன ஒரு பெண், போன மாதம் அனுப்பிய உறை அது. சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அலர்மேல்மங்கையின் மேஜைமேல் கிடந்தது. மலையாண்டி அதற்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

"உறை கடிக்காது மலையாண்டி. பக்கத்துல வா."

"கடிக்கிறதப் பத்திப் பயமில்லக்கா. பதில் போடச் சொல்லிருமோன்னுதான் யோசிக்கிறேன்."

மலையாண்டிக்கு வயது நாற்பத்தொன்று. அவனியாபுரத்துக்காரன். தைப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு எதிரே நெஞ்சைக் காட்டி நிற்கிற குடும்பம். ஆனால் பேய் என்று யாராவது மெல்லச் சொன்னால்கூட அவனுக்கு உள்ளங்கால் ஈரமாகிவிடும். அந்த வெட்கக்கேட்டை மறைக்கத்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான் என்பது அலர்மேல்மங்கைக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு வருஷமாக அவனைத் தன் உதவியாளனாக வைத்திருந்தாள்.

அவள் மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பதினான்கு வருஷம் ரயில்வே தபாலில் கடிதம் பிரித்தவள். ஒரு முகவரியைப் பார்த்தால் எழுதியவரின் குணத்தைச் சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை அரசாங்கத்துக்குக் கொடுத்தது போதும் என்று, அண்ணனின் சாயக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் போட்டிருந்தாள். கட்சிக்காரர்களின் சட்டையில் சாய வாசனை ஏறாமல் இங்கிருந்து யாரும் இறங்கிப் போனதில்லை.

எதிர் நாற்காலியில் இருந்தவருக்கு வாசனை எதுவும் உறைத்த மாதிரி தெரியவில்லை. மரியராஜ், செத்துப்போன அந்தப் பெண்ணின் கணவர், மிஷன் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர். மூன்று நாள் தாடி. உறையின் மூலையில் குத்தியிருந்த ரப்பர் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஜே. ஹெப்சிபா, உயிரணு ஆய்வு மையம், கோச்சடை, மதுரை.

"மூளைக் காய்ச்சல் மேடம். நாலே நாள். என் கையால மண்ணள்ளிப் போட்டேன்," என்றார். "இந்த உறை பிராக் நகரத்துக்குப் போயி, சேராம திரும்பி வந்திருக்கு. இயக்குநர் சௌந்தரராஜன் என்னைக் கூப்பிட்டு மேஜையில விசிறியடிச்சாரு. நான்தான் அவ பேர்ல தபால் போடுறேனாம்."

"என்ன இருக்கு உள்ளே?"

"அவ எழுதின கட்டுரையோட பிரதி."

அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார். ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரை சஞ்சிகையில் வந்தால், கூடுதல் பிரதிகள் சிலவற்றை அவரிடம் கொடுப்பார்கள். சஞ்சிகை வாங்க வசதியில்லாத ஊர்களிலிருந்து மற்றவர்கள் கார்டு போட்டுக் கேட்பார்கள். எழுதியவர் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பி வைப்பார். உலகம் முழுக்க இப்படித்தான் வழக்கம்.

"ஹெப்சிபா ஒரு கார்டைக்கூட விட்டதில்லை. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதும்பா."

"இதுல குத்தம் என்ன சார்?" என்றான் மலையாண்டி.

"அந்தக் கட்டுரையே பொய்யாம். அதுல ஆர்-9னு ஒரு செல் வகை. ஒன்பது வயசுப் பிள்ளையோட தோல்ல இருந்து எடுத்தது. ஆனா கிழவி தோல் மாதிரி சீக்கிரமே ஓய்ஞ்சு போற செல். யார் பிள்ளைன்னு அவ வெளியில சொன்னதில்லை, நோயாளி பேரைச் சொல்லக் கூடாதுன்னு விதி. இப்போ வெளிநாட்டுக்காரங்க அந்தச் செல்லைக் கேக்கிறாங்க. இயக்குநர் அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைங்கிறாரு. திங்கட்கிழமை டெல்லியில இருந்து விசாரணைக் குழு வருது. அன்னைக்கு அவங்க எழுதிட்டா, ஹெப்சிபா பேருக்குப் பக்கத்துல மோசடின்னு காலத்துக்கும் நின்னுரும். எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல அவ இருக்காளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு மேடம். அஞ்சு வருஷமா எப்பவாவது ஒரு நன்றிக் கடிதம் வரும். ஆய்வு மையத்துல இருந்து வீட்டுக்குத் திருப்பி விடுவாங்க. 'உங்கள் பிரதி கிடைத்தது, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்'னு எழுதியிருப்பாங்க. வாசிச்சிட்டு அவ தலையணைக்குக் கீழ வச்சிருவேன். நான் வேதம் படிச்சவன். ஆனாலும் கேக்கிறேன். அவதான் அனுப்புறாளா?"

மலையாண்டியின் உள்ளங்கால் ஈரமானது.

அலர்மேல்மங்கை உறையை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு உள்ளிருந்த ஐந்து தாள்களை உருவினாள். ஜெராக்ஸ் பிரதி. மேலே இருந்த முதல் தாளில் தலைப்பு இல்லை, பெயர் இல்லை. பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மட்டும் இருந்தது.

"இது என்னக்கா, அடிபிடிச்ச ரவை மாதிரி?"

"அதான் ஆர்-9," என்றார் மரியராஜ். "ஆனா அது நாலாம் பக்கம். எதுக்கு முதல்ல வச்சுத் தைச்சிருக்கு?"

"நல்ல கேள்வி. அனுப்பினவருக்குப் படம்தான் முக்கியம், எழுத்து அப்புறம்தான்," என்றாள் அவள். "இப்போ முகவரியைப் பாருங்க. பிராக் முகவரிக்குக் கீழேயே ஹெப்சிபாவோட மதுரை முகவரியும் இருக்கு. அதான் தபால்காரன் குழம்பித் திருப்பி விட்டுட்டான். பக்கத்துல பேனாவால ஒரு அரை வட்டம், நாலு அலை. இது என்ன?"

"கோலமாக்கா?"

"பிராக் தபால் முத்திரை. கேட்டு வந்த கார்டுல என்னென்ன இருந்துச்சோ அம்புட்டையும் பார்த்து வரைஞ்சிருக்காங்க. எது பேரு, எது ஊரு, எது முத்திரைன்னு பிரிக்கத் தெரியாத கை. இங்கிலீஷ் வாத்தியார் இப்படிச் செய்ய மாட்டார், அதனால உங்களை விட்டுரலாம். ஹெப்சிபாவும் இல்லை சார். செத்துப்போனா இங்கிலீஷ் மறந்து போகும்னு நான் கேள்விப்பட்டதில்லை."

மரியராஜ் தலையை ஆட்டினார். அவர் முகம் தெளிந்ததா, இன்னும் கொஞ்சம் இருண்டதா என்று மலையாண்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தபாலாபீஸ் முத்திரை பாதிதான் விழுந்திருக்கு," என்று உறையைத் திருப்பினாள் அலர்மேல்மங்கை. "பரவாயில்லை, இந்த ஊர்ப் பையை எத்தனையோ தடவை கொட்டிப் பிரிச்சிருக்கேன். பேரையூர். அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"பேரையூர்ல எங்களுக்கு யாருமே இல்ல மேடம்."

*

கோச்சடையில் வைகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது ஆய்வு மையம். ஆற்றில் மணல் இருந்தது, முள் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. சனிக்கிழமை ஆனதால் நீண்ட நடையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஏதோ ஓர் அறையில் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. மருந்து வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்து அடித்தன.

நடையின் முடிவில் சுவரில் தபால் அறைகள். முப்பது சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர்ப் பட்டை. இருபத்தொன்பதிலும் தூசி படிந்திருந்தது. ஒன்றில் மட்டும் தினமும் துடைத்ததுபோல மரம் மினுங்கியது. அலர்மேல்மங்கை பெயரை வாசித்தாள். ஹெப்சிபா.

"அக்கா, நான் வண்டிக்குப் பெட்ரோல் இருக்கான்னு பார்த்துட்டு வாரேன்."

"பேய் தூசி தட்டாது மலையாண்டி. நட."

இயக்குநர் சௌந்தரராஜன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரவேற்றார். அவளுடைய பெயரைக் கேட்டதுமே சௌராஷ்டிர மொழிக்குத் தாவி, எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்தார். அவள் இரண்டுக்கும் தமிழிலேயே பதில் சொன்னாள். அவருடைய சிரிப்பு ஒரு படி இறங்கியது.

"உணர்ச்சிவசப்படுற விஷயமில்லை இது," என்று ஒரு பட்டியலை நகர்த்தினார். "ஹெப்சிபா மொத்தம் முப்பத்தொரு கட்டுரை எழுதியிருக்காங்க. முப்பது கட்டுரையை யாரும் பெரிசா சீண்டலை. இந்த ஒண்ணுக்கு மட்டும் நூத்திப் பதினேழு மேற்கோள். மேற்கோள்னா, மத்த ஆராய்ச்சியாளர்கள் தங்களோட கட்டுரையில இவங்க கட்டுரையைக் குறிப்பிடுறது. ஒருத்தரோட ஆராய்ச்சிக்கு என்ன மதிப்புன்னு அதை வச்சுத்தான் பார்ப்பாங்க."

"கல்யாணப் பத்திரிகையில நம்ம பேரைப் போடுற மாதிரி," என்றான் மலையாண்டி. "எத்தனை பத்திரிகையில வருதோ அம்புட்டுப் பெரிய மனுஷன்."

"அப்படியும் சொல்லலாம்," என்று இயக்குநர் விருப்பமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

அலர்மேல்மங்கை பட்டியலில் விரலை ஓட்டினாள். "சாகிற வரைக்கும் நாலு. செத்த பிறகு நூத்திப் பதிமூணு."

"அதைத்தான் நானும் சொல்றேன். புருஷன் தபால் போட்டுப் போட்டு ஏத்தி விட்டிருக்கார்."

"பிராக், ஹவானா, டாக்கா, இபாதான்," என்று அவள் வாசித்துக்கொண்டே போனாள். "முதல்ல எழுதினவங்க எல்லாம் சஞ்சிகை வாங்க முடியாத ஊர்க்காரங்க. பிரதி போய்ச் சேர்ந்திருக்கு, வாசிச்சிருக்காங்க, எழுதியிருக்காங்க. அப்புறம் பெரிய ஊர்க்காரங்க திரும்பிப் பார்த்திருக்காங்க. கட்டுரை எழுதினவங்க வரிசையில கடைசிப் பேரு உங்களோடது. இந்த நூத்திப் பதினேழும் உங்களுக்கும் சேர்ந்து ஏறியிருக்குமே சார்."

இயக்குநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"நான் அவங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். ஆர்-9 இருந்திருந்தா எங்கே?" எழுந்துபோய் அறைக் கோடியைக் காட்டினார். குறுகிய கழுத்துள்ள பெரிய அலுமினிய கேன் ஒன்று அங்கே நின்றது. அதற்குள் இரண்டு குடைகள் செருகியிருந்தன. "செல்களைக் குப்பியில அடைச்சு இதுக்குள்ளே திரவ நைட்ரஜன்ல வைப்போம். எரிக்கிற குளிர். அதுல எத்தனை வருஷம் ஆனாலும் செல் சாகாது. ஹெப்சிபா போன பிறகு இது வற்றிப் போச்சு. திறந்து பார்த்தப்போ ஆர்-9னு ஒரு குப்பிகூட இல்லை. இருந்தாத்தானே கிடைக்கும்?"

"ஏன் வற்றிச்சு?"

"வேற வேலைக்கு ஒதுக்கீடு மாறிச்சு. நைட்ரஜன் வாங்கிறதை நிறுத்தினோம்."

"நிறுத்தினது யாரு?"

அவர் குடைகளில் ஒன்றை நேராக்கி வைத்தார். மலையாண்டி கேனைச் சுற்றி வந்தான்.

"எங்க ஊரு மாட்டாஸ்பத்திரியில இதே கேன் இருக்கு சார். மூடியைத் தொறந்தா வெள்ளையாப் புகை வரும். உள்ள ஜெர்சிக் காளை இருக்கும்."

"காளையா?"

"முழுக் காளை இல்ல சார். சினை ஊசிக்கு வேண்டியது மட்டும்."

இயக்குநர் முகத்தைச் சுளித்தார். அலர்மேல்மங்கை மட்டும் மலையாண்டியை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு கிளம்புகிறவள்போல எழுந்து, வாசலில் நின்று சாதாரணமாகக் கேட்டாள்.

"செத்தவங்க பேருக்கு வர்ற கார்டை என்ன செய்வீங்க?"

"கிழிச்சுப் போடச் சொல்லி உத்தரவு போட்டிருக்கேன். தபால் எடுத்து வர்றது சோணையம்மாள். கண்ணாடிச் சாமான் கழுவுற அம்மா. பதினேழு வருஷமா இங்கே இருக்கா."

"படிச்சவங்களா?"

"கைநாட்டு. ஆனா ஒரு தபால் தப்பினதில்லை. உறையில இருக்கிற எழுத்தோட உருவத்தையும் பெட்டிப் பட்டையில இருக்கிற உருவத்தையும் ஒத்துப் பார்த்துப் போட்டுருவா." இதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் பெருமை வந்தது. "இன்னிக்கு வரலை. மாசம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருவா."

"எந்த ஊரு?"

"பேரையூர் பக்கம்," என்றார் இயக்குநர். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

*

திருமங்கலம் தாண்டியதும் நிழல் தீர்ந்துபோனது. இரண்டு பக்கமும் வெடித்த கரிசல், சீமைக் கருவேலம், தூரத்தில் வெயிலில் ஆடுகிற மலை. மலையாண்டியின் பழைய ஸ்கூட்டர் இருமிக்கொண்டே போயிற்று. பின்னால் அலர்மேல்மங்கை உறையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். பட்டப்பகலில் இப்படி ஆள் அரவமே இல்லாத வெளியைப் பார்க்க மலையாண்டிக்குப் பிடிக்கவில்லை.

"ஏக்கா, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எதுக்காக ஊர் உலகத்துக்கெல்லாம் ஆராய்ச்சியை அனுப்பணும்?"

"அது மட்டும்தான் எனக்கும் தெரியலை."

அவள் தெரியலை என்று சொல்வது வருஷத்துக்கு ஒரு தடவை. அவனுக்கு அதைக் கேட்க இன்னும் பயமாக இருந்தது.

சோணையம்மாளின் வீடு ஊர்க் கோடியில். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவருக்குச் சுவர் சணல் கயிறு கட்டி, கயிறு முழுக்கக் கார்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தது. நூறு, இருநூறு, அதற்கும் மேலே இருக்கும். ராஜா தலை, கோபுரம், பறவை, தெரியாத எழுத்துகள். காற்று வரும்போதெல்லாம் அத்தனையும் ஒருசேரத் திரும்பின. கீழே தரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண் குப்புறக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் உறையில் ஆங்கில முகவரியைக் கீழேயிருந்து மேலாக வரைந்துகொண்டிருந்தாள்.

நிமிர்ந்தவள் அவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. அலர்மேல்மங்கையின் கையிலிருந்த உறையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"போய்ச் சேரலியா?" என்றாள். "ஏன் திருப்பிட்டாக? பிடிக்கலையாமா?"

அலர்மேல்மங்கை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அதட்டுகிற வேலைக்கு வந்தவள் அதட்டவில்லை. "முகவரி ரெண்டு இருந்துச்சும்மா. அதான் குழப்பம். பிடிக்காம இல்லை."

சோணையம்மாள் மூச்சு விட்டாள்.

"டாக்டரம்மா செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் அனுப்புறீங்க?"

"கேக்கிறாகளே," என்றாள் அவள், இது என்ன கேள்வி என்பதுபோல. "டாக்டரம்மா கட்டுக் கட்டாப் புத்தகம் வச்சிருந்தாக. கார்டு வந்தா ஒண்ணு உள்ள போட்டு ஒட்டித் தாரது என் வேலை. அவுக போன பிறகு பெரியவரு கிழிக்கச் சொன்னாரு. எனக்குக் கை வரலை. புத்தகம் தீந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில நகல் எடுத்தேன்."

"இம்புட்டுத் தபாலுக்கும் ஸ்டாம்புக்கு என்ன செஞ்சீக?" என்றான் மலையாண்டி.

"டீ குடிக்கிறத விட்டேன்."

அலர்மேல்மங்கை உறையிலிருந்து படம் போட்ட தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "இதை ஏன் முதல்ல வச்சீங்க?"

சோணையம்மாள் தாளைக் கையில் எடுக்கவில்லை. முந்தானையால் விரல்களைத் துடைத்துவிட்டு, கறுப்புப் புள்ளிகள்மேல் படாமல் ஓரத்தில் தடவினாள்.

"முகம் தெரிய வேணாமா," என்றாள். "இது எம்மக ராக்காயி."

வெளியே ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மலையாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆர் என்று காலையில் கேட்டது, ஒன்பது வயது என்று கேட்டது, யார் பிள்ளை என்று டாக்டர் வெளியே சொல்லவேயில்லை என்று கேட்டது எல்லாம் அந்த அறையில் வந்து நின்றன. கயிற்றில் தொங்கிய கார்டுகளை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை.

"பிறந்தப்ப நல்லாத்தான் இருந்தா. அஞ்சு வயசுலயே முடி கொட்டி, தோலு சுருங்கி, கிழவி கணக்கா ஆயிட்டா. ஊருல பிள்ளைக யாரும் சேக்க மாட்டாக. பாத்தவுக மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாக. டாக்டரம்மா ஒருத்திதான் மடியில தூக்கி வச்சுக்கிட்டாக. கையில கடுகு அளவு தோலு எடுத்து வளத்தாக. ஒம்பது வயசுல பிள்ளை போயிருச்சு. ஒரு வாரங்கழிச்சு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியில கண்ணை வச்சுப் பாக்கச் சொன்னாக. அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இது அவதான் சோணை, இன்னும் உசிரோட இருக்கான்னாக."

அவள் கயிறுகளைப் பார்த்தாள்.

"ஊருல ஒரு சனம் பாக்க மாட்டேன்னுச்சு. இம்புட்டுப் பேரு அவளைப் பாக்கணும்னு கேட்டு எழுதுறாக. நான் எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

மலையாண்டி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அலர்மேல்மங்கை சொல்ல வேண்டியதைச் சொன்னாள். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ராக்காயி என்று ஒருத்தியே கிடையாது, டாக்டரம்மா பொய் சொன்னார் என்று எழுதப் போகிறார்கள். கேன் காலி என்பதுதான் அவர்களிடம் இருக்கும் சாட்சி.

சோணையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒளிக்கத் தெரியாதவள் என்பதாலேயே, அவள் எதையோ ஒளிக்கிறாள் என்பது தெரிந்தது.

"கேன்ல புகை குறைஞ்சா பிள்ளை செத்துரும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக," என்றாள் மெதுவாக. "வண்டி வாரது நின்னுபோச்சு. தினம் மூடியைத் தொறந்து பாப்பேன். புகை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. என்னைத் திருடின்னு சொல்லுவாகளோன்னு..."

அலர்மேல்மங்கை வாயைத் திறப்பதற்குள் மலையாண்டி கேட்டான். "இந்த ஊரு மாட்டாஸ்பத்திரியில உங்களுக்கு யாரு இருக்காக?"

"எந்தம்பி விருமாண்டி," என்றாள் சோணையம்மாள். "சினை ஊசிக்கு ஊர் ஊராப் போற சின்னக் கேனைக் கொண்டுக்கிட்டு பஸ்ஸுல வந்தான். அதுல வச்சுத்தான் கூட்டியாந்தோம்."

*

விருமாண்டி சாவி எடுக்கப் போன இடைவெளியில், மலையாண்டி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மரியராஜைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். உங்க வீட்டம்மா பொய் சொல்லலை சார், செல் இருக்கு என்றான்.

"அப்போ தபால் போட்டது அவ இல்லை," என்றார் மரியராஜ்.

"இல்ல சார்."

"சரி," என்றார் அவர். "நல்லது." போனை வைக்கிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது.

மாட்டாஸ்பத்திரியின் பின்னறையில் மூன்று கேன்கள் நின்றன. கடைசிக் கேனின் கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. விருமாண்டி மூடியை எடுத்ததும் வெண்புகை வழிந்து தரைக்கு இறங்கியது. காளைகளின் ஊசிக் குழல்களுக்கு நடுவே இருந்த ஒரு கம்பியை அவன் கழுத்துவரை தூக்கிக் காட்டினான். நான்கு சிறு குப்பிகள், சிவப்பு மூடி. உறைபனிக்கு அடியில் ஹெப்சிபாவின் கையெழுத்து தெரிந்தது. ஆர்-9. தேதி. அதற்கும் கீழே பென்சிலால் தமிழில் ராக்கு.

ஐந்து வருஷமாக மதுரையில் எல்லோரும் தேடிப் பார்க்காமலே 'இல்லை' என்று சொன்ன பிள்ளை, பேரையூரில் காளைகளோடு காளையாக இருந்திருக்கிறாள். மலையாண்டி குனிந்து அந்தப் பென்சில் எழுத்தை இன்னொரு தடவை வாசித்தான்.

"ஒரு குப்பி போதும்," என்றாள் அலர்மேல்மங்கை. "ஆனா உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அதை வெளியில எடுத்து வளர்த்துச் சோதிப்பாங்க. அந்தக் குப்பி திரும்பி வராது."

சோணையம்மாள் விருமாண்டியின் கையிலிருந்து மூடியை வாங்கிக் கேனை மூடினாள். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சுவரில் பல்லி ஒன்று கத்தியது. டாக்டரம்மாவின் பெயரும் ராக்காயியும் ஒரே கேனின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றன, நடுவில் அவள் கை இருந்தது.

"மத்தவுக எல்லாம் கார்டு போட்டுக் கேட்டாக," என்றாள் கடைசியில். "எம்புட்டுத் தூரத்துல இருந்து, எம்புட்டு மரியாதையாக் கேட்டாக. இவுக மட்டும் வந்து தூக்கிட்டுப் போவாகளா? கார்டு போடச் சொல்லுங்க."

விருமாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அலர்மேல்மங்கை கையமர்த்தினாள். ரயில்வே தபாலை விட்டாலும் கைப்பையில் கார்டு இல்லாமல் அவள் வெளியே இறங்கியதில்லை. ஒன்றை எடுத்து, கேனின் தோளிலேயே வைத்து எழுதினாள். எழுதி முடித்து மலையாண்டியிடம் நீட்டினாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"அன்புள்ள ராக்காயிக்கு. உன்னைப் பற்றி டாக்டர் ஹெப்சிபா எழுதியது உண்மை என்று சிலருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. நீ வந்தால்தான் நம்புவார்கள். தயவுசெய்து ஒரு குப்பி கொடுத்து உதவவும். உன்னைப் பற்றி இதுவரை நூற்றுப் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். அதையும் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"நூத்திப் பதினேழா?" என்றாள் சோணையம்மாள்.

"ஆமாத்தா. நானே பட்டியலைப் பாத்தேன்," என்றான் மலையாண்டி.

அவள் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஏதோ குறைகிறது என்பதுபோல விரலால் மூலையைத் தட்டினாள். "முத்திரை விழுகலையே."

சனிக்கிழமை மாலை, தபாலாபீஸ் பூட்டியிருந்தது. அலர்மேல்மங்கை கார்டைத் திரும்ப வாங்கினாள். லட்சக்கணக்கான முத்திரைகளைப் பார்த்த அந்தப் பெண், பேனாவை எடுத்து ஸ்டாம்பு மூலையில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் அன்றைய தேதி. பக்கத்தில் நான்கு அலைகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாக வரைந்தாள்.

சோணையம்மாள் கூர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே மூடியைத் திறந்தாள். கிடுக்கியால் ஒரு குப்பியை எடுத்துப் புகையோடு புகையாகச் சின்னக் கேனுக்குள் இறக்கினாள். "போயிட்டு வா தாயி," என்றாள். பிறகு இதை யார் கையில் கொடுப்பது என்று இரண்டு பேரையும் பார்த்தாள்.

காலையில் ஓர் உறையைத் தொடப் பயந்த மலையாண்டி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.